படியளப்பவரும் பலசரக்குக் கடையும்

பலசரக்குக் கடை நடத்துகிறவன் யாத்திராகமம் பதினாறாம் அதிகாரத்தை வாசித்தால் அவன் கண் முதலில் போய் நிற்பது புழுவில்தான். மன்னா இறங்கிய அதிசயமெல்லாம் பிறகு. இஸ்ரவேலர் ஆளுக்கு ஒரு ஓமர் பொறுக்கிக்கொள்ள வேண்டும். எப்பாவில் பத்தில் ஒன்று ஓமர். நம் கணக்கில் ஏறக்குறைய 2 லிட்டர். சிலர் மறுநாளுக்கும் கொஞ்சம் எடுத்துவைத்தார்கள். விடிந்து பார்த்தால் புழுத்து நாறிக் கிடந்தது. இடவப்பாதி மழை பிடித்த பிறகு பாசிப்பயறு மூட்டையைப் பிரித்து உள்ளே கைவிட்டுப் பார்த்தவனுக்கு இந்த இடத்தில் விளக்கவுரை வேண்டியதில்லை.

எனக்கு அந்த அதிகாரம் கொடுக்கும் தொல்லை வேறு. நாளைக்கென்று எடுத்துவைக்காதே என்கிறது அது. நாளைக்கென்று எடுத்துவைப்பதுதான் என் தொழில். ஆந்திராவிலிருந்து வரும் ஜெயா அரிசியும் குண்டூர் வத்தலும் துவரம்பருப்பும் கிடங்கில் அடுக்கப்பட்டிருக்கவில்லை என்றால் கடை என்று ஒன்றே கிடையாது. அப்படியானால் அன்றாட அப்பத்தை அன்றன்று கேட்கும்படி ஆண்டவர் கற்றுக்கொடுத்த ஜெபத்தை நான் எந்த வாயால் சொல்வது? இந்தக் கேள்வியோடு வாழ்ந்துதான் விசுவாசத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த கொஞ்சத்தையும் தெரிந்துகொண்டேன்.

எங்கள் கடை திருவனந்தபுரம் ஆரியசாலையில். திவான் ராஜா கேசவதாஸ் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கிய சாலைக் கம்போளம் கிழக்கேகோட்டையில் தொடங்கி கிள்ளிப்பாலம் பக்கமாக நீள்கிறது, அதில்தான் ஆரியசாலை. இங்கே தமிழ் கேட்காத மணிநேரம் இல்லை. நாகர்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து விக்கிரகங்கள் ஊர்வலமாக வரும்போது வேளிமலைக் குமாரசுவாமி தங்குவது ஆரியசாலை தேவி கோயிலில். மாசியில் ஆற்றுகால் பொங்கலைக்கு இந்தத் தெருவெல்லாம் அடுப்பு மூட்டிய பெண்களால் நிறையும். அதற்கு முந்திய நாட்களில் பச்சரிசியும் சர்க்கரையும் (வெல்லத்துக்கு இங்கே அதுதான் பெயர்) எங்கள் கடையிலும் வாங்கிப்போவார்கள். வெயிலில் கல் அடுப்புக்கு முன் மணிக்கணக்கில் காத்திருக்கும் அந்த அம்மாமார்களின் பொறுமையைப் பார்த்து நான் கற்றுக்கொண்டது உண்டு. நம்பிக்கை என்றால் என்ன என்று கிறிஸ்தவனாகிய நான் எழுதுவதால், அது எங்களுக்கு மட்டும் தெரிந்த காரியம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மன்னாவுக்கு எதிர்ப்பக்கத்தில் வேதத்திலேயே ஒரு கிடங்கு இருக்கிறது. யோசேப்பு எகிப்தில் செழிப்பான ஏழு வருஷமும் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை வாங்கிச் சேர்த்துவைத்தான். அதையும் தேவனுடைய ஞானம் என்றுதான் வேதம் சொல்கிறது. லூக்கா பன்னிரண்டாம் அதிகாரத்தில் இன்னொருவன் வருகிறான். களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டமிடுகிறான், அந்த இரவே அவன் உயிர் கேட்கப்படுகிறது. இரண்டு பேரும் சேர்த்துத்தான் வைத்தார்கள். ஒருவன் ஞானி, ஒருவன் மதிகேடன். வேறுபாடு மூட்டைகளின் எண்ணிக்கையில் இல்லை. யோசேப்பின் தானியம் பசிக்கிறவர்களுக்காகத் திறக்கப்பட்டது. மற்றவனின் பேச்சில் அவனைத் தவிர வேறு மனுஷரே இல்லை. தன் ஆத்துமாவோடுதான் பேசுகிறான்.

இதைப் புரிந்துகொள்வது சுலபம். கடையில் செய்வதுதான் கடினம். 2019 டிசம்பரில் பல்லாரி வெங்காயத்தின் விலை கிலோவுக்கு 100 ரூபாயைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தபோது, உள்ளே இருக்கும் சரக்கை இன்னும் நாலு நாள் வெளியே எடுக்காமல் வைத்தால் என்ன வரும் என்று எந்த வியாபாரிக்கும் கணக்குத் தெரியும். தப்பு என்று யாரும் கண்டுபிடிக்கப் போவதும் இல்லை. தீர்ந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தானியத்தைப் பிடித்துவைப்பவனை ஜனங்கள் சபிப்பார்கள், விற்கிறவன் தலையில் ஆசீர்வாதம் தங்கும் என்ற கருத்தில் நீதிமொழிகளில் ஒரு வசனம் உண்டு. அரிசிக்கடைக்காரனுக்கென்றே எழுதினதுபோல அது இருக்கும். அந்த வாரங்களில் வழக்கமான வேகத்தில்தான் விற்றோம். நான்கு நாள் கழித்து வரும் லாபத்தை ஆண்டவருக்குக் கொடுத்தோம் என்று பெருமையாகச் சொல்ல மாட்டேன். அது எங்களுடையதாக இருந்ததே இல்லை என்பதுதான் சரி.

விசுவாசத்தை நான் தராசில் வைத்துப் பார்க்கப் பழகியது அப்பாவிடமிருந்து. அவர் காலத்தில் தட்டுத் தராசும் எடைக்கல்லும். இப்போது எலக்ட்ரானிக் தராசு. வருஷத்துக்கு ஒருமுறை சட்ட அளவியல் துறையிடம் சரிபார்த்து முத்திரை வாங்கி, அந்தச் சான்றிதழை வாடிக்கையாளர் பார்வையில் படும்படி வைக்க வேண்டும். ஆனால் முத்திரை போட்ட தராசிலும் தில்லுமுல்லு செய்ய இடம் இருக்கிறது. பையின் எடையைக் கழிக்காமல் விடலாம். எண் நின்று நிதானிப்பதற்குள் பொட்டலத்தை எடுத்துவிடலாம். வத்தல் கிடங்கில் கிடக்கக் கிடக்கக் காய்ந்து எடை இறங்கும். 50 கிலோ என்று வாங்கிய சாக்கு ஒன்றரை மாதத்தில் அந்த எடை நிற்காது. அந்த நஷ்டத்தை யார் தலையில் கட்டுவது? ஈரக்கையால் ஒரு உதறு உதறினால் வாங்குகிறவர் தலையில். விலையில் நேராகச் சேர்த்துச் சொன்னால், வாங்குவதும் வாங்காததும் அவர் விருப்பம்.

கிலோவுக்கு 20 கிராம் குறைத்தால் 100 கிலோவில் 2 கிலோ மிச்சம். தெரு முழுக்க இந்தக் கணக்குத் தெரியும். பையில் பெரியதும் சிறியதுமாக இரண்டு வகை எடைக்கல் வைத்திருக்கக் கூடாது என்று உபாகமம் கட்டளையிடுவதை வெறும் நேர்மைப் பாடமாகவே பலகாலம் பிரசங்கிமார் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் அதை விசுவாசப் பாடமாக வாசிக்கிறேன். அந்த 20 கிராமை எடுக்கிற கை, ஆண்டவர் எனக்குப் படியளக்க மாட்டார், இந்த அம்மாவின் பருப்பிலிருந்து நானே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று சொல்கிறது. வாயால் எத்தனை ஸ்தோத்திரம் சொன்னாலும் அந்தக் கை சொல்வதே அவனுடைய விசுவாசப் பிரமாணம். கடவுள் இல்லை என்று வாதிடும் நண்பர்கள் இந்தச் சந்தையில் எனக்கு உண்டு. அவர்களில் சிலருடைய தராசு நேராக நிற்பதையும் பார்க்கிறேன். அவர்களைவிட, ஜெபித்துவிட்டுக் குறைத்து நிறுக்கிறவனைப் பற்றித்தான் எனக்குப் பயம்.

எங்கள் வீட்டில் அரிசி களையும் முன் அம்மா ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார். பிடியரிசி. மாதக் கடைசியில் அது சபைக்குப் போகும். தென் திருவிதாங்கூர்ச் சபைகளில் வளர்ந்த யாருக்கும் அந்தப் பானை தெரிந்திருக்கும். இதில் நான் கவனித்தது அதன் வரிசை. சோறு வடித்து எல்லோரும் சாப்பிட்டபின் மிச்சத்தில் எடுப்பதல்ல அது. உலையில் போடுமுன், இன்றைக்குப் போதுமா போதாதா என்று தெரியுமுன், எடுப்பது. வீட்டில் நெருக்கடி இருந்த மாதங்களிலும் அந்தக் கை நிற்கவில்லை. பிடி சிறுத்திருக்கலாம்.

சாறிபாத் ஊர் விதவையிடம் எலியா கேட்டதும் இதே வரிசையில்தான். பானையில் ஒரு பிடி மாவு, கலயத்தில் கொஞ்சம் எண்ணெய். அதைச் சுட்டுத் தின்றுவிட்டு மகனோடு சாகத் தயாராக இருந்தவளிடம், முதலில் எனக்கு ஒரு சிறிய அடை என்கிறார். அவள் கொடுத்தாள். பிறகு பஞ்சம் தீரும்வரை மாவு தீரவில்லை, எண்ணெய் குறையவில்லை. இதைச் சொல்லும் பிரசங்கங்களில் பானை நிரம்பி வழிந்ததுபோல ஒரு தொனி வந்துவிடுகிறது. ஒரு சரக்குக்காரனாக நான் வாசித்தவரை பானை நிரம்பியதாக எங்கும் எழுதவில்லை. தீரவில்லை, அவ்வளவுதான். அப்படியென்றால் ஒவ்வொரு காலையும் அவள் பார்த்தது அடித்தட்டில் இருக்கும் அதே ஒரு பிடி மாவைத்தானே! நாளைக்கு இருக்கும் என்பதற்குப் பானைக்குள் எந்த அத்தாட்சியும் இல்லை. நேற்று இருந்தது என்பது மட்டும்தான் அவள் கையில். எங்கள் வீட்டில் பல வருஷங்கள் இப்படித்தான் ஓடின. அதை வறுமை என்று நான் நினைத்தேன். அம்மா அதை நடத்துதல் என்றார்.

கடன் விஷயத்துக்கு வருகிறேன். விசுவாசத்தின் பேரில் அதிகம் தவறு நடப்பது இதில்தான். மண்டிக்குக் கொடுக்க வேண்டிய தவணை தள்ளிப்போகும்போது, கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டு, கையில் வந்த பணத்தை வேறு காரியத்துக்குத் திருப்பும் சகோதரர்களைக் கண்டிருக்கிறேன். எலிசா காலத்தில் கடன்பட்ட ஒரு விதவையின் பிள்ளைகளை அடிமைகளாகக் கொண்டுபோகக் கடன்காரன் வந்தான். அவள் வீட்டு எண்ணெய் பாத்திரம் பாத்திரமாகப் பெருகியது. பெருகியபின் எலிசா சொன்னது: எண்ணெயை விற்று முதலில் கடனைத் தீர், மீந்ததில் நீயும் பிள்ளைகளும் பிழையுங்கள். அற்புதத்தின் முதல் பங்கு கடன்காரனுக்கு! மண்டிக்காரரின் பாக்கியைத் தீர்க்காமல் ஆண்டவரைத் துதிக்கிறவன் இந்த அதிகாரத்தை ஒருமுறை உட்கார்ந்து வாசிக்கட்டும்.

கொடுத்த கடன் இன்னொரு பாடம். 2020 மார்ச் 25 முதல் நாடு பூட்டப்பட்டபோது பலசரக்குக் கடைகளுக்குக் குறிப்பிட்ட நேரம் அனுமதி இருந்தது. ஜூலை 6 முதல் திருவனந்தபுரம் நகரத்துக்கு மும்முனைப் பூட்டு (டிரிபிள் லாக்டவுன்) வந்தது. கூலிவேலை நின்றுபோன வீடுகளில் கையில் காசு இல்லை.

"அண்ணாச்சி, இந்த மாசம் கொஞ்சம் பொறுத்துக்கிடணும்."

இதைச் சொல்ல அவர்கள் வாசலில் எவ்வளவு நேரம் தயங்கி நின்றிருப்பார்கள் என்பது முகத்தில் தெரியும். பற்றுவரவு நோட்டில் பக்கங்கள் நிறைந்துகொண்டே போயின. அந்த நாட்களில் உபாகமம் பதினைந்தாம் அதிகாரம் என் மேசையில் திறந்தே கிடந்தது. ஏழாம் வருஷம் கடன்களை விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். அதோடு ஒரு எச்சரிக்கையும் உண்டு: ஏழாம் வருஷம் கிட்டே வந்துவிட்டதே, கொடுத்தால் திரும்பாதே என்று எண்ணி ஏழைச் சகோதரனுக்குக் கையை மூடாதே. இதை எழுதியவருக்கு வியாபாரியின் மனசு உள்ளும் புறமும் தெரிந்திருக்கிறது. திரும்பி வராது என்று தெரிந்த இடத்தில்தான் அந்த எச்சரிக்கை வேலை செய்கிறது.

கொடுத்தோம். அரிசி, பருப்பு, எண்ணெய், டீத்தூள்; முறுக்கும் பிஸ்கட்டும் நோட்டில் ஏறவில்லை. எல்லோருக்கும் அளவில்லாமல் கொடுத்தோம் என்பதல்ல. கொடுத்தால் கடையே மூடிப்போகும் என்ற எல்லையையும் தினமும் கணக்குப் பார்த்தோம், ஏனென்றால் எங்களை நம்பிச் சம்பளம் வாங்குகிறவர்களும் இருந்தார்கள். பலர் சிறுகச் சிறுகக் கட்டி முடித்தார்கள். சிலர் ஊரைவிட்டே போய்விட்டார்கள். போனவர்களின் பக்கங்களைக் கோடு போட்டு அடித்துவிட்டோம். அதற்கு ஈடாக ஆண்டவர் இன்ன வழியில் இரட்டிப்பாகத் தந்தார் என்று சாட்சி சொல்ல எனக்கு எதுவும் இல்லை. அந்தப் பணம் போனது போனதுதான்.

இப்படி எழுதினால் சபையில் சிலருக்குப் பிடிக்காது. நம்பினால் பெருகும் என்ற சாட்சிகளுக்கே இப்போது மேடை. ஆதியாகமத்தில் யாக்கோபு பெத்தேலில் பண்ணிய பொருத்தனை அப்படிப்பட்டதுதான்: உண்ண அப்பமும் உடுக்க உடையும் தந்து, பத்திரமாக வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்தால் நீரே என் தேவன், பத்தில் ஒன்று உமக்கு. ஒரு வியாபாரி பேசுவதுபோல இருக்கிறது. தேவன் அவனைத் தள்ளிவிடவில்லை. ஆனால் அந்தப் பேரத்தோடு அவனை விட்டுவிடவும் இல்லை. யாப்போக்கு ஆற்றங்கரையில் இரவு முழுதும் போராடி, இடுப்பு சுளுக்கி நொண்டியவனாகத்தான் அனுப்பினார்.

இந்த மண்ணில் பேரம் பேசாத நம்பிக்கைக்கு ஒரு மனிதர் இருக்கிறார். 1712-ல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் பணிசெய்தவர். குடும்பத்தில் அடுத்தடுத்து நஷ்டங்கள் வந்து மனமொடிந்திருந்தபோது, 1741 குளச்சல் போரில் பிடிபட்டுப் பிறகு மன்னரின் படையைப் பயிற்றுவித்த, டச்சுக் கம்பெனியைச் சேர்ந்த டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார் என்பது வரலாறு. 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749-ல் கைது. எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துச் செல்லப்பட்டார். 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ல் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

நாங்கள் சி.எஸ்.ஐ. சபைக்காரர்கள். புனிதர் வணக்கம் எங்கள் வழக்கத்தில் இல்லை. ஆனாலும் காற்றாடிமலைக்கு நான் போவதுண்டு. யோபுவின் கதை முடியும்போது இழந்ததெல்லாம் இரட்டிப்பாகத் திரும்புகிறது. அந்தக் கதையைக் கேட்டு நம்பிய தேவசகாயத்துக்கு எதுவும் திரும்பவில்லை. இருந்த பதவியும் போயிற்று, உயிரும் போயிற்று. நம்பிக்கை ஒரு முதலீடாக இருந்திருந்தால் அவர் முதல் வருஷத்திலேயே கணக்கை முடித்துக்கொண்டு திரும்பியிருப்பார். யோபுவின் புத்தகத்தில் அவர் கண்டது கடைசி அதிகாரத்தின் ஆடுமாடுகளை அல்ல என்றே நினைக்கிறேன். ஏன் என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல், தம்மையே காட்டின தேவனைக் கண்டிருக்க வேண்டும். கடையில் நஷ்டம் வரும் நாட்களில் நான் பிடித்துக்கொள்வது இதைத்தான். 2018 ஆகஸ்டில் வெள்ளம் வந்து, அரசு ஓணக் கொண்டாட்டங்களை ரத்து செய்தபோது, ஓணத்துக்கென்று இறக்கிய சரக்கில் ஒரு பங்கு எங்கள் கடையிலிருந்து நிவாரண முகாம்களுக்குப் போனது. ஒரு பங்கு மழையில் கெட்டது. அந்த வருஷத்தை லாப வருஷமாக மாற்றிச் சொல்ல எனக்கு வேண்டியதில்லை. அந்த வருஷமும் ஆண்டவர் ஆண்டவராகவே இருந்தார்.

இனி, தினமும் செய்கிற ஒரு காரியத்தைச் சொல்கிறேன். என் விசுவாசம் இதில்தான் பழகியது. அசீரிய ராஜா சனகெரிப்பின் மிரட்டல் கடிதம் வந்தபோது எசேக்கியா அதை வாசித்துவிட்டு ஆலயத்துக்குக் கொண்டுபோய்க் கர்த்தருக்கு முன்பாக விரித்துவைத்தான். நானும் அப்படியே செய்கிறேன். ஷட்டர் இறக்கி, கல்லாவை எண்ணி, பேரேட்டில் எழுதி முடித்தபின், மனசை அரிக்கிற தாள் எதுவோ அதை மேசையில் விரித்துவைக்கிறேன். மண்டியின் பில், வங்கியின் நோட்டீஸ், வாடகை ரசீது. அன்றைக்கு என்னவோ அது. "ஆண்டவரே, என் தேவைகளைச் சந்தியும்" என்று பொதுவாகச் சொல்வதில்லை. வெள்ளிக்கிழமை செக் இருக்கிறது, இவ்வளவு தேவை, இவ்வளவு குறைகிறது என்று எண்களைச் சொல்லி ஜெபிக்கிறேன். தொகையை வாய்விட்டுச் சொல்லும்போது இரண்டு நடக்கும். பயம் பெரிதாக்கிக் காட்டியது அதன் உண்மையான அளவுக்கு வரும். நான் செய்ய வேண்டியது என்ன, என் கைக்கு மீறியது என்ன என்பதும் பிரிந்து தெரியும். என் பங்கை ஒரு சீட்டில் எழுதி நோட்டில் செருகிவிடுவேன்: நாளை இன்னாரிடம் வசூல் கேட்க வேண்டும், இன்ன சரக்கைக் குறைத்து வாங்க வேண்டும். பிறகு பேரேட்டை மூடினால் விடியும்வரை திறப்பதில்லை.

இந்தக் கடைசி விதிதான் எனக்கு மிகக் கடினம். இரவு பதினொரு மணிக்கு எழுந்து மறுபடி கூட்டிப் பார்த்தால் தொகை மாறப்போவதில்லை என்று தெரியும். ஆனாலும் கை போகும். மாற்கு நான்காம் அதிகாரத்தில் விதைத்தவன் இரவில் தூங்கிப் பகலில் எழுகிறான், விதை எப்படி முளைத்தது என்று அவனுக்கே தெரியவில்லை. அதே அதிகாரத்தின் முடிவில் புயலில் ஆடும் படகின் பின்னணியத்தில் ஆண்டவர் தலையணை வைத்துத் தூங்குகிறார். தூங்குவதையும் விசுவாசத்தின் ஒரு செயலாக அந்த அதிகாரம் எனக்குக் காட்டியது. கணக்குப் பார்ப்பது என் கடமை. அதையே விடிய விடியப் பார்த்துக்கொண்டிருந்தால், உலகத்தை நான்தான் தாங்குகிறேன் என்று நினைக்கிறேன் என்று அர்த்தம்.

ஆகவே மன்னாவும் யோசேப்பின் கிடங்கும் என் கடையில் ஒன்றாகவே இருக்கின்றன. சரக்கை யோசேப்பைப்போலச் சேர்க்கிறேன், பழையதை முதலில் தள்ளி, மழைக்காலத்தில் பயறைக் குறைத்து, வரப்போகும் மாதத்தைக் கணித்து. நாளையைப் பற்றிய நிச்சயத்தை மட்டும் சேர்த்துவைக்க முடிவதில்லை. அது ஆளுக்கு ஒரு ஓமர்தான், அன்றைக்கு அன்றைக்கு.

நம் சபைப் போதகர்மாரிடம் ஒரு விண்ணப்பம். வியாபாரிகளுக்கு நீங்கள் அடிக்கடி சொல்வது தசமபாகத்தைப் பற்றி. தயவுசெய்து தராசைப் பற்றியும் பிரசங்கியுங்கள். மண்டிக்காரருக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியைப் பற்றியும், பதுக்காமல் விற்பதைப் பற்றியும், ஏழாம் வருஷத்தைப் பற்றியும் சொல்லுங்கள். ஆண்டவரை நம்ப நாங்கள் சோதிக்கப்படும் இடம் அதுதான். அறுப்புப் பண்டிகைக்குக் காணிக்கை கேட்டு எங்கள் கடைக்கு வரும்போது, ரசீதுப் புத்தகத்தை எடுக்குமுன் தராசின் முத்திரைச் சான்றிதழ் எங்கே என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.